கேஸ் தீராது, கசியும்: பிக்கப் வண்டி ஏசி கேள்வி பதில்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் 19 வருஷம் வண்டி ஏசி வேலை பார்த்தவன் நான். அதில் பாதி பிக்கப் வண்டிகள்: காய்கறி, மீன், தண்ணீர் கேன், கூரியர். கத்திரி வெயில் வந்தாலே எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்: வீட்டு வாசலிலேயே நாமே செய்துகொள்ளலாமா? சிலதைச் செய்யலாம். கேளுங்கள். வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம், எனக்கு அது துறை இல்லை.

கேள்வி (கொளத்தூர், தண்ணீர் கேன் வண்டி): அண்ணா, போன மே மாதம் கேஸ் போட்டேன். இப்போது மறுபடி தீர்ந்துவிட்டது. வருஷா வருஷம் போடத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, டீசல்தான் தீரும். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, அது எரிந்து போவதில்லை. ரப்பர் ஹோஸ், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாக வருஷத்துக்குக் கொஞ்சம் போகும், அது இயல்பு. ஒரு வருஷத்திலேயே குளிர் நின்றுவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைப் பார்க்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

கண்டுபிடிப்பது நீங்கள் நினைக்கிற அளவு கஷ்டம் இல்லை. கேஸ் தனியாகப் போகாது, கூடவே ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஓட்டை இருக்கிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்டென்சர் (கிரில்லுக்குப் பின்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) முன்பக்கம், ஹோஸும் அலுமினியக் குழாயும் நசுக்கிச் சேர்த்த இடம், ஒவ்வொரு ஓ-ரிங் ஜாயின்ட், கம்ப்ரசர் கிளட்சுக்குக் கீழே. கேஸ் ஏற்றும் வாயின் மூடியையும் பாருங்கள். முக்கால்வாசி வண்டியில் அந்த பிளாஸ்டிக் மூடி இருக்காது, உள்ளே இருக்கும் வால்வ் ஊசி வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

சந்தேகப்படும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். இன்ஜின் ஆஃப்பில் இருக்கட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தால், 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் ஆர்-134ஏ என்கிற ஏசி கேஸ் சுமார் 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும். குமிழி விட அது போதும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. யூவி டை (யூவி வெளிச்சத்தில் மின்னும் சாயம்) குழாய்க்குள் ஏற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு தண்ணீர் சொட்டும் டியூப் வாயில் யூவி டார்ச் அடித்தால் பச்சையாக மின்னும்.

கேள்வி (காசிமேடு, மீன் வண்டி): கண்டென்சர் இரண்டு வருஷம்கூடத் தாங்குவதில்லை. கம்பெனி பாகம் போட்டாலும் அதே கதைதான்.

பதில்: பாகத்தின் குற்றம் இல்லை, உப்பு. துறைமுகக் காற்றும் மீன் பெட்டித் தண்ணீரும் அலுமினியத்தை வெள்ளை மாவாக்கிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை சாதாரண ஹோஸில் ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அதன் மேல் அடிக்காதீர்கள், ஃபின் எனும் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே அடைந்துவிடும்.

கேள்வி (வியாசர்பாடி): ஓடும்போது ஜில்லென்று வருகிறது. சிக்னலில் நின்றால் வெந்நீர்க் காற்று. கேஸ் எத்தனை டின் போடலாம்?

பதில்: ஒன்றும் போட வேண்டாம். நிற்கும்போது கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஃபேன் சுற்றுகிறதா, கிரில்லில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையும் நார்த் துணியும் சித்திரை வரை கிரில்லில் தொங்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கொசுவலை கட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

கேள்வி (மாதவரம், சொந்த வண்டி வைத்திருக்கும் பெண்): சார், காலையில் நன்றாகக் குளிர்கிறது. அரை மணி ஓடியதும் திடீரென்று நின்றுவிடுகிறது. ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி வருகிறது. கடையில் கேஸ் குறைவு என்கிறார்கள்.

பதில்: நல்ல கேள்வி அம்மா. கேஸ் குறைந்தால் காலையிலும் சுமாராகத்தான் இருக்கும். இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். இரண்டையும் பிரிப்பது சுலபம்.

குளிர் நின்ற அந்த நேரத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினும் ஏசியும் ஓடட்டும், போனட்டைத் திறந்து கம்ப்ரசரின் முன் தட்டைப் பாருங்கள். கையை பெல்ட் பக்கம் கொண்டு போகாதீர்கள், முந்தானை, துப்பட்டா, ஐடி கார்டு கயிறு எதுவும் தொங்கக் கூடாது. பெல்ட் புல்லி மட்டும் சுற்றி, நடுத் தட்டு நின்றுகொண்டிருந்தால் கிளட்ச், அதாவது கம்ப்ரசரை புல்லியோடு சேர்க்கும் காந்தத் தட்டு, ஒட்டவில்லை என்று அர்த்தம். தட்டு தேயத் தேய அதற்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடும். கிளட்சின் காயில் (கம்பிச் சுருள்) சூடானதும் காந்தம் பலவீனமாகி அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாமல் போகும். ஆறினால் மறுபடி இழுக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலான கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நடுத் தட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டு, ஆனாலும் குளிர் இல்லை என்றால் அது வேறு. உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டையில் அந்த ஈரம் பனியாக உறைந்து வழியை அடைக்கிறது. ஆஃப் செய்ததும் உருகிவிடுகிறது. அதற்கு ட்ரையர் (ஈரத்தை உறிஞ்சும் டப்பா) மாற்றி, ஒழுங்காக வேக்கம் எடுக்க, அதாவது உள்ளே இருப்பதை பம்பால் இழுத்து வெளியேற்ற, வேண்டும். முதலில் தட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி (போரூர்): என் வண்டிக்கு எத்தனை டின் பிடிக்கும்?

பதில்: போனட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும், கிராமில் போட்டிருப்பார்கள். டின் கணக்கு கிடையாது.

கேள்வி (குன்றத்தூர்): ஹோஸ் நானே மாற்றிவிட்டேன். வேக்கம் பம்ப் இல்லை. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து இழுக்கலாமா? அப்புறம் டின்னை எப்படிப் போடுவது?

பதில்: ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் காற்றை இழுக்கும், ஆனால் ஆழமாக இழுக்காது. வேக்கம் எடுப்பது காற்றை வெளியேற்ற மட்டும் இல்லை, உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும்தான். 35 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் பதினெட்டில் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டும். சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு நல்ல பம்பை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். 45 நிமிடம் இழுத்து, வால்வை மூடி, அரை மணி நேரம் கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது, டின்னைத் திறக்காதீர்கள்.

முள் நின்றால் கேஸ் ஏற்றலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை. ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் பட்டால் கதை முடிந்தது. டின்னை சமையலறை டிஜிட்டல் தராசில் நிமிர்த்தி வையுங்கள். ஹோஸில் இருக்கும் காற்றை ஒரு நொடி வெளியே விட்டுவிட்டு, நீலப் பக்கம், அதாவது அழுத்தம் குறைந்த லோ சைடில் மட்டும் மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் வந்ததும் நிறுத்துங்கள்.

மூன்று விஷயங்கள். சிவப்புப் பக்கத்தில், அதாவது ஹை சைடில், டின்னை மாட்டாதீர்கள், அங்கே 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், டின் வெடிக்கும். இன்ஜின் ஓடும்போது டின்னைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள், திரவம் உள்ளே போனால் கம்ப்ரசர் வால்வ் உடையும். டின் மெதுவாக இறங்குகிறது என்று லைட்டர் காட்டாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரம் போதும்.

கேள்வி (திருவொற்றியூர்): சீக்கிரம் ஏறுவதற்கு டின்னைக் கவிழ்த்துப் பிடிக்கலாமா?

பதில்: இப்போதுதானே சொன்னேன்.

கேள்வி (புதுப்பேட்டை, மெக்கானிக்): சார், மன்னிக்கணும். 25 வருஷமாக வேலை பார்க்கிறேன். தராசெல்லாம் நான் தொட்டதே இல்லை. ரிட்டர்ன் பைப்பைக் கையால் பிடிப்பேன், ட்ரையர் கண்ணாடியில் குமிழி பார்ப்பேன், குமிழி நின்றால் நிறுத்துவேன். ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை.

பதில்: அண்ணே, திரும்பி வராத வண்டி நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வேறு கடைக்குப் போயிருக்கலாம். குமிழி பார்ப்பது பழைய ஆர்-12 கேஸ் காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ நிறைவாக இருக்கும்போதே சில வண்டிகளில் நுரை தெரியும். அந்த நுரை மறையும் வரை போட்டால் அதிகமாகிவிடும். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் கண்ணாடி தெளிவாகத்தான் இருக்கும்.

கேள்வி (புதுப்பேட்டை, அதே மெக்கானிக்): கொஞ்சம் அதிகமானால் என்ன? நல்லாத்தானே குளிரும்?

கேள்வி (பல்லாவரம்): நானும் அதைத்தான் கேட்கிறேன். என் மெக்கானிக்கும் கையால்தான் பார்ப்பார், பனிக்கட்டி மாதிரி வரும்.

பதில்: குளிராது, அதுதான் விஷயம். அதிகமான திரவம் கண்டென்சரின் கீழ் வரிசைகளை நிரப்பிக்கொள்கிறது, சூட்டை வெளியேற்றும் இடம் சுருங்குகிறது, ஹை சைடு அழுத்தம் ஏறுகிறது. டிசம்பரில் தெரியாது. கத்திரியில், மதியம் 2 மணிக்கு, லோடு ஏற்றிக்கொண்டு சிக்னலில் நிற்கும்போது தெரியும். என் ஆரம்ப காலத்தில், வேலை பார்த்த கடையில் நானே இப்படிக் கையால் பார்த்து ஒரு காய்கறி வண்டிக்கு ஏற்றினேன். ஏப்ரலில் பனிக்கட்டிதான். மே மாதம் அதே டிரைவர் வாடிய முகத்தோடு, ஜாம் ஆன கம்ப்ரசரைக் கொண்டு வந்தார். அதற்கான காசை என் சம்பளத்தில் பிடித்தார்கள். தராசு வாங்கியது அதற்கு அடுத்த மாதம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், அண்ணே. நோயைக் கண்டுபிடிக்க உங்கள் கை என் கேஜை விட வேகம். ட்ரையருக்கு உள்ளே போகும் குழாய் சூடு, வெளியே வரும் குழாய் ஜில் என்றால் ட்ரையர் அடைப்பு. இதைக் கேஜ் நேராகச் சொல்லாது, கை சொல்லும். கிராமை மட்டும் கையில் விடாதீர்கள்.

கேள்வி (புதுப்பேட்டை, அதே மெக்கானிக்): சரி சார், ஸ்டிக்கர் கிழிந்த வண்டிக்கு எந்தத் தராசு சொல்லும்?

பதில்: நியாயம். அதே மாடல் இன்னொரு வண்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள், அல்லது சர்வீஸ் புத்தகத்தில் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் இரண்டு பக்க கேஜையும் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டியதுதான். 35 டிகிரி வெயிலில் லோ சைடு 30 முதல் 45, ஹை சைடு 200 முதல் 250 பிஎஸ்ஐ. அப்போதும் குமிழியை நம்ப வேண்டாம்.

கேள்வி (ஆவடி): கேஸ் விலை கூடிவிட்டது. சமையல் கேஸ் போட்டால் குளிரும் என்கிறார்களே?

பதில்: குளிரும். டேஷ்போர்டுக்குள் கசிந்தால் ஒரு சிகரெட் போதும். செய்யாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் இல்லை.

கேள்வி (தாம்பரம்): கிளட்ச் ஒட்டவே இல்லை. பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துவிட்டால் ஓடுமா?

பதில்: ஓடும், அப்புறம் நிற்கும், நிரந்தரமாக. கேஸ் இல்லாததால்தான் சுவிட்ச் நிறுத்தி வைத்திருக்கிறது. கேஸ்தான் ஆயிலைச் சுற்ற வைக்கிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் கம்ப்ரசர் காய்ந்து பிடித்துவிடும்.

கேள்வி (மணலி): லாரிக்கு ஏசி கட்டாயம் என்றார்களே, என் 2016 பிக்கப்புக்கும் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு.

கேள்வி (ஈக்காட்டுத்தாங்கல்): ஒரு டின் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். ஞாயிறு போடலாம் என்று. எத்தனை டின்...

பதில்: முதலில் அந்த டின்னை வெயிலிலிருந்து எடுங்கள். இப்போதே. 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மூடிய வண்டி மதியம் அதைத் தாண்டிவிடும். எத்தனை டின் என்பதற்கு, ஸ்டிக்கர்.

கேள்வி (மாதவரம், முன்பு கேட்டவர்): சார், பார்த்துவிட்டேன். குளிர் நின்றபோது புல்லி மட்டும்தான் சுற்றியது, நடுத் தட்டு நின்றது. தம்பி ஃபீலர் கேஜ் கொண்டு வந்தான், இடைவெளி 0.9 இருக்கிறது. தட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு வளையம், ஒன்று 0.5, ஒன்று 0.2.

பதில்: அப்படியென்றால் கிளட்ச்தான். 0.5 வளையத்தை எடுத்துவிட்டு 0.2-ஐ மட்டும் போட்டு மூடுங்கள், இடைவெளி 0.4 வரும். நடு போல்ட்டை இறுக்கியதும் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. தட்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கடைக்காரரிடம் கேஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.