ரோம் வெயிலும் ஈரோட்டு வெயிலும்

அன்புள்ள ஐயா,

ஜூலை நடுவில் நான், கணவர், 68 வயதான என் அத்தை மூவரும் இத்தாலி போகிறோம். ரோமுக்கு ஒரே நாள்தான். கொலோசியம், ரோமன் ஃபோரம், வாடிகன் அருங்காட்சியகம், பாந்தியன், ட்ரெவி நீரூற்று, ஸ்பானியப் படிகள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பயணக் கட்டுரையில் மத்தியான வெயிலில் ஃபோரத்துக்குப் போனதை "புத்திகெட்ட வேலை" என்று எழுதியிருந்தீர்கள். ஈரோட்டு வெயிலில் வளர்ந்த எங்களுக்கு 33 டிகிரியெல்லாம் ஒரு பொருட்டா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

பொருட்டுதான். ஈரோட்டில் வளர்ந்தவர் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்று பழைய கல்தூண்களை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? திண்ணையிலோ ஃபேனுக்கு அடியிலோதானே இருந்திருப்பீர்கள். வெயிலைப் பற்றி நமக்குத் தெரிந்ததே எப்போது அதில் போகக்கூடாது என்பதுதான், அந்த அறிவை விமானம் ஏறியதும் விட்டுவிடுகிறோம். நானும் விட்டேன். ஃபோரம் என்பது பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள்; அங்கே ஒதுங்க நிழல் அதிகம் கிடையாது, அரை மணி நேரத்தில் என் மனைவி உடைந்த தூண் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் ஜூலியஸ் சீசரின் உடலை எரித்த இடம் எது என்று அவளிடம் காட்ட எனக்கே மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம், அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகால் மணிக்கு. அதனால் சூடு உச்சத்தில் இருப்பது மூன்று, நாலு மணிவாக்கில். ஆனால் எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், நம் ஊரில் இல்லாத சௌகரியம் அது. பட்டியலை அதை வைத்து மாற்றுங்கள்.

முதலில் வாடிகன் அருங்காட்சியகத்தை அடித்துவிடுங்கள். அது தனியாக ஒரு நாள் கேட்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலையில் திறந்ததுமே கொலோசியம். நுழைவு நேரம் குறித்துத்தான் டிக்கெட் தருவார்கள், பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், முன்பே வாங்கிவிடுங்கள். உள்ளே போனதும் மேல் விளிம்பைப் பாருங்கள். கி.பி. 80-இல் திறந்த அந்த அரங்குக்குப் பார்வையாளர்கள் மேல் விரிக்கும் துணிப் பந்தல் இருந்தது, அதை இழுத்துக் கட்டவே கடற்படை மாலுமிகளை வைத்திருந்தார்கள். சிங்கத்தோடு மனிதனைச் சண்டை போடவிட்டவர்களுக்கும் தங்கள் தலையில் வெயில் படக்கூடாது.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே தேவாலயம். உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் ரோமில் எனக்குப் பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். தெருமட்டத்தில் 12-ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடமும், மித்ரன் என்ற தெய்வத்தை வழிபட்ட சிறு குகை போன்ற அறையும். இறங்க இறங்கக் குளிர்கிறது. அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். மத்தியானம் மூடிவிடுவார்கள், அதற்கு முன் போய்விடுங்கள். அத்தைக்கு முட்டிவலி இருந்தால் மேல் கோயிலில் பெஞ்சு இருக்கிறது, அங்குள்ள மொசைக்கை நாள் முழுக்கப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், புடவை என்றால் பிரச்சினையே இல்லை.

பிறகு சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்த் தூங்குங்கள். ஆமாம், ஒரே நாளில்தான் சொல்கிறேன்.

ஐந்து மணிக்குப் பாந்தியன், பழைய ரோமானியர் கட்டிய குவிமாடக் கோயில். கூரை நடுவில் உள்ள வட்டத் துளை வழியே வரும் ஒளி அந்நேரம் சுவர்ப்பக்கம் ஏறியிருக்கும். அது தரையில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் உச்சிப்பொழுதில் போக வேண்டும், தூக்கத்தைத் தியாகம் செய்வது உங்கள் இஷ்டம். முகப்பில் அக்ரிப்பா என்ற பெயர் இருக்கும், பேரரசர் அகஸ்டஸின் தளபதி அவர். கட்டடம் என்னவோ பின்னால் வந்த பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது, பழைய பெயரையே போட்டுவிட்டார்கள். அந்த அக்ரிப்பா கி.மு. 19-இல் கொண்டுவந்த கால்வாய்த் தண்ணீர்தான், நடுவில் பழுதாகிச் சீர்செய்யப்பட்டு, இன்றும் ட்ரெவிக்கு வருகிறது. ட்ரெவியில் கூட்டம் நெரியும், பத்து நிமிடம் போதும். ஸ்பானியப் படிகளில் உட்காரத் தடை. உட்கார முடியாத படியில் அத்தைக்கு என்ன வேலை? அதற்குப் பதில் டாக்ஸி பிடித்து கம்பிதோலியோ குன்றுக்குப் போங்கள், மேலே உள்ள மாளிகைக்குப் பின்பக்கம் நின்றால் ஃபோரம் முழுவதும் கீழே சாயங்கால வெளிச்சத்தில் தெரியும். காசு கிடையாது.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், காலி பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் இருக்கும், நசோனே என்பார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தம். 1870-களிலிருந்து இருப்பவை, நல்ல குளிர்ந்த குடிநீர். மூக்கின் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், அப்படியே குடிக்கலாம். இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தை பார்த்ததும் தண்ணீர் வீணாகிறதே என்று மூடப் பார்ப்பார். திருகு கிடையாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.