வரப்புத் தகராறுக்கு ட்ரோன் சர்வே உதவுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டி உள்ளே வந்துவிட்டார். ட்ரோனில் அளந்து, அந்த மேப்பை வைத்தே பட்டாவைத் திருத்தித் தருவதாக ஒருவர் முப்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ட்ரோன் எடுக்கும் நூற்றுக்கணக்கான போட்டோக்களில் ஒரே இடம் பல கோணங்களில் விழும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் அளவுள்ள படம் ஒன்றை உருவாக்கும். வரப்பு இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் அதில் தெரியும். எங்கே இருக்க வேண்டும் என்பதை எஃப்.எம்.பி. என்கிற அரசு நில அளவைப் படமும் சர்வே கல்லும்தான் சொல்லும். போதாக்குறைக்கு உங்களுடையது தென்னந்தோப்பு. மட்டைக்கு அடியில் இருக்கும் வரப்பு கேமராவில் விழாது.

இந்தப் புரோக்கர்கள் கலர் மேப்பில் ஒரு சீலைக் குத்தி ‘கவர்மென்ட் அப்ரூவல்’ என்பார்கள். பட்டாவைத் திருத்தும் அதிகாரம் எந்தத் தனியாருக்கும் கிடையாது. தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்த அடையாளங்கள், வைப்பீர்களா என்று கேளுங்கள். ‘ட்ரோனிலேயே ஜி.பி.எஸ். இருக்குதுங்க’ என்றால் அனுப்பிவிடுங்கள். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். 100 மீட்டர் வரப்பு 2 மீட்டர் நகர்ந்தாலே ஏறக்குறைய 5 சென்ட் போய்விடும்.

ட்ரோன் உதவும் இடம் ஒன்று உண்டு. மூலைக் கல்லெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். எல்லாமும்! ஒன்று காணாமல் போயிருந்தாலும், பக்கத்துக்காரர் பிடுங்கி நட்டிருந்தாலும் இது செல்லாது. கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே மறைக்கும் மட்டையைக் கழித்து, ஒவ்வொரு கல்லையும் டி.ஜி.பி.எஸ். என்கிற துல்லியமான ஜி.பி.எஸ். கருவியில் அளக்கச் சொல்லுங்கள். கல்லுக்குக் கல் தூரம் எஃப்.எம்.பி.யோடு ஒத்துவருகிறதா பாருங்கள். பழைய படமானால் அளவு லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர் சொச்சம். அதை மீட்டரென்று நினைத்துக் கணக்குப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி எடுத்த படம் ஆக்கிரமிப்பைக் காட்ட நல்ல துணை ஆவணம்; அத்து காட்டுவது, அதாவது எல்லையை அளந்து காட்டுவது, அப்போதும் அரசு சர்வேயர்தான்.

ஆகவே அத்து காட்டச் சொல்லி மனுப் போட்டு, கட்டணம் கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இணையத்திலேயே போடலாம். அப்புறம் காத்திருக்க வேண்டும், அதுதான் கொடுமை. 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள், 2019-இல் உங்கள் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கினார்கள். சர்வேயர் வருவதற்குள் இரண்டு போகம் முடிந்துவிடும் நிலை மட்டும் மாறவில்லை. புரோக்கர் பிழைப்பதே அந்தத் தாமதத்தில்தான். அளக்கும் தேதி வந்ததும், பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். சேரவில்லையென்றால் ‘எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்’ என்று அவர் ஆட்சேபிப்பார். நீங்கள் மறுபடி மனுப் போட வேண்டியிருக்கும்.