விலை போடாத மீன் பட்டியலில் எதற்கு?

கேள்வி: அம்மா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறார். ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளுக்கு ஆர்டர் எடுக்க ஒரு சின்ன வெப்சைட் வைத்திருக்கிறேன். விடியற்காலை ஏலம் முடிந்ததும் அம்மா போனிலேயே கூகுள் ஷீட்டில் விலையைப் போடுவார், அது தானாக வெப்சைட்டில் வந்துவிடும். நாற்பது மீன் பெயர் இருக்கிறது, விலை பத்துக்குத்தான் இருக்கும், மீதி எல்லாம் வெறுமையாகத் தெரிகிறது. காலி வரிசையை மறைக்கும் வசதியை டிக் செய்தும் மறையவில்லை. என்ன செய்வது?
– காசிமேடு வாசகர்

பதில்: உங்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற வரிசை கம்ப்யூட்டருக்குக் காலி இல்லை, சிக்கல் அங்கேதான். வரிசை எண் இருக்கிறது, வஞ்சிரம் என்று பெயரும் இருக்கிறது, விலைக் கட்டம் மட்டும்தான் வெறுமை. எல்லாக் கட்டமும் வெறுமையாக இருந்தால்தான் அந்த டிக் வேலை செய்யும். ஷீட்டில் ஃபில்டர் வியூ போட்டு மறைத்தாலும் பலன் இல்லை, அது நீங்கள் பார்ப்பதற்கு மட்டும்.

அம்மா எழுதும் ஷீட்டில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் புதிய டேப் ஒன்று திறந்து, முதல் வரிசையில் மீன், விலை, அளவு என்று தலைப்பை மட்டும் கையால் போடுங்கள், வரிசை எண் வேண்டாம். இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் ஃபில்டர் ஃபார்முலா. அதற்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: முதலில் அம்மாவின் பட்டியலில் அந்த மூன்று நெடுவரிசைகள், அடுத்து நிபந்தனை. நிபந்தனையாக விலை நெடுவரிசையை ட்ரிம்முக்குள் (வீண் ஸ்பேஸை நீக்குவது) வைத்து, அதை லென்னுக்குள் (எழுத்துகளை எண்ணுவது) வைத்து, பூஜ்யத்தைவிடப் பெரிது என்று எழுதுங்கள். ட்ரிம் எதற்கு என்றால், போனில் அவசரமாகத் தட்டும்போது விலைக் கட்டத்தில் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிடும், பார்த்தால் தெரியாது, அந்த ஒரு ஸ்பேஸுக்காக விலையில்லாத மீன் பட்டியலில் வந்து நிற்கும். ஃபார்முலாவுக்குக் கீழே உள்ள கட்டங்களில் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் ரெஃப் என்று பிழை காட்டும். புது டேப்பில் வழக்கமாக 1000 வரிசை இருக்கும், 41 போதும், மீதியை அழித்துவிடுங்கள். அப்புறம் வெப்சைட்டை இந்த டேப்போடு இணையுங்கள். அதிலும் சில வரிசை மிஞ்சும், ஆனால் அவை உண்மையிலேயே காலி, நீங்கள் போட்ட டிக் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகில் வருவதுதான் வரத்து. பட்டியல் சுருங்கிவிடும், சில நாள் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அன்றைக்கு ஃபில்டருக்கு எதுவும் கிடைக்காமல் பிழைச் செய்தி வரும், வாடிக்கையாளர் வெப்சைட் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ஃபார்முலாவை இஃப்எரர் ஒன்றுக்குள் வைத்து, பிழை வந்தால் 'இன்று மீன் வரவில்லை' என்று காட்டச் சொல்லுங்கள். அதைப் படித்தால் மறுநாள் திரும்பப் பார்ப்பார்கள்.

கேள்வி: வெப்சைட்டில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் குறிமொழி) எழுதி வரிசையை மறைத்தால் போதாதா?
– வியாசர்பாடி வாசகி

பதில்: பார்வைக்குப் போதும். ஆனால் மறைத்த வரிசையும் பக்கத்தின் சோர்ஸில், அதாவது பின்னால் இருக்கும் மூல எழுத்தில், அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். கொள்முதல் விலை, வாடிக்கையாளர் போன் நம்பர் மாதிரி எதுவும் அந்த ஷீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த வழிக்குப் போகாதீர்கள். மேலே சொன்னபடி தனி டேப்பில் தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுத்து, அந்த டேப்பை மட்டும் வெளியிடுங்கள். முழு ஷீட்டையும் வெளியிட்டுவிட்டால் தனி டேப் போட்டும் பயன் இல்லை.