இரண்டு வீட்டுக் கல்யாணம், ஒரே சமையல்காரர்

கேள்வி: பதினைந்து வருடமாக இன்டெல் சிப் உள்ள கம்ப்யூட்டர்தான் வாங்கினேன். போன மாதம் ஏஎம்டி ரைசன் லேப்டாப்புக்கு மாறினேன், பறக்கிறது. இன்டெல் கதை முடிந்துவிட்டது. இத்தனை காலம் நம்மை ஏய்த்த அந்தக் கம்பெனி அழிவதுதான் நியாயம். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் அதை ‘ஜாம்பவான்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: புது லேப்டாப்புக்கு வாழ்த்துகள். ரைசன் நல்ல சிப், அதில் எனக்குச் சண்டை இல்லை. இன்டெல் நம்மை ஏய்த்தது என்கிறீர்களே, அதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிதான் இடிக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரியில் இன்டெலின் கியூ6600 கடைக்கு வந்தது. நாலு கோர், அதாவது ஒரே சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் நாலு மூளை. சரியாகப் பத்து வருடம் கழித்து, 2017 ஜனவரியில், வீட்டு டெஸ்க்டாப்புக்கான அதன் உச்ச சிப்பாக வந்தது ஐ7-7700கே. அதில் எத்தனை கோர் தெரியுமா? அதே நாலு. அந்த மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசனை இறக்கியது. அக்டோபரில் இன்டெலிடமிருந்து ஆறு கோர் சிப் வந்துவிட்டது! ஒரு சிப்பை வடிவமைக்கவே வருடக்கணக்கில் ஆகும்; ஆகவே அந்த ஆறு கோர் முன்பே அவர்கள் கையில் இருந்திருக்கும். எதிர்க்கடை காலியாக இருந்தபோது அதை வெளியே எடுக்க என்ன அவசரம்?

அதற்கு முந்தைய கதையும் உண்டு. ஏஎம்டி சிப்பை வாங்கவிடாமல் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குத் தள்ளுபடி ஆசை காட்டுகிறது என்று 2005-இல் இன்டெல்மீது ஏஎம்டி வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து அந்தத் தகராறை இன்டெல் தீர்த்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தை மட்டும் கொடுத்தது. சும்மா கொடுக்கும் தொகையா அது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏஎம்டி என்ன அன்னதானச் சத்திரமா நடத்துகிறது? 2006 ஜனவரியில் அதன் கை ஓங்கியிருந்தது. அப்போது வந்த எஃப்எக்ஸ்-60 சிப்பின் விலை 1,031 டாலர். அந்த ஜூலையில் இன்டெல் கோர் 2 டுவோவைக் கொண்டுவந்த பிறகுதான் ஏஎம்டியின் விலைகள் மளமளவென்று இறங்கின. அது பழைய கதை என்பீர்கள். 2019-இல் ரைசன் 5 3600எக்ஸ் 249 டாலருக்கு வந்தது. அடுத்த வருடம் அதன் இடத்துக்கு வந்த 5600எக்ஸுக்கு 299 டாலர். நடுவில் நடந்தது ஒன்றுதான்: வேகப் பந்தயத்தில் ஏஎம்டி முந்திவிட்டது. முந்தியவுடனே 50 டாலர் ஏற்றிவிட்டார்கள். அதையே இன்டெல் செய்திருந்தால் நீங்கள் எனக்கு மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருப்பீர்கள்.

இன்டெல் சறுக்கியது கடையில் அல்ல, ஆலையில். சிப்பை வரைவது ஒரு தொழில், அதைச் சிலிக்கான் தட்டில் அச்சடிப்பது இன்னொரு தொழில். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததுதான் அதன் பலம். 2014-இல் 14 நானோமீட்டர் சிப்பைக் கொடுத்தபோது உலகத்தில் அதுதான் முன்னால் நின்றது. அடுத்த படி, இன்னும் பொடி அச்சான 10 நானோமீட்டர். 2016 வாக்கில் வரவேண்டியது, கடையில் தாராளமாகக் கிடைக்க 2019 ஆனது. டெஸ்க்டாப்புக்கோ 2021 வரைக்கும் அதே 14 நானோமீட்டரைத்தான் மெருகேற்றி மெருகேற்றிக் கொடுத்தார்கள். 14+, 14++ என்று அதன் பின்னால் அவர்கள் ஒட்டிக்கொண்டே போன பிளஸ் குறிகளை எண்ணி ஊர் சிரித்தது.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. புற ஊதாக் கதிரின் கடைக்கோடி அலைநீளத்தைக் கொண்டு அச்சடிக்கும் இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான் செய்கிறது. 2012-இல் அந்தக் கம்பெனியின் பங்குகளுக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்து 400 கோடி டாலருக்கு மேல் தருவதாக ஒப்புக்கொண்டது இன்டெல். ஆனால் அந்தக் கதிரால் அச்சிட்ட இன்டெலின் முதல் சிப் கடைக்கு வந்தது 2023 டிசம்பரில். பிறர் வரைந்த சிப்பை அச்சடித்துக் கொடுக்கும் தைவான் கம்பெனியான டிஎஸ்எம்சி அதை 2019-லேயே ஓட்டத் தொடங்கிவிட்டது. மாட்டைப் பிடித்துக் கட்டியது ஒருவர், பால் கறந்தது இன்னொருவர்.

இப்போது உங்கள் ரைசனுக்கு வருவோம். ஏஎம்டிக்குச் சொந்தமாக ஆலை கிடையாது. 2009-இல் ஆலைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து விட்டுவிட்டது. ரைசனின் மூளைப் பகுதியை அச்சடிப்பது டிஎஸ்எம்சி. ஆப்பிளின் சிப்பையும் என்விடியாவின் உயர்ரக ஏஐ சிப்பையும் அவர்கள்தான் செய்கிறார்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: 2024 செப்டம்பரில் வந்த இன்டெலின் லூனார் லேக் லேப்டாப் சிப்பின் முக்கியப் பகுதியும் அதே டிஎஸ்எம்சியில் அச்சானதுதான். நீங்கள் கட்சி மாறிவிட்டதாக நினைக்கிறீர்கள். இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒரே சமையல்காரர். பந்தி விரித்த மண்டபம் மட்டும்தான் வேறு.

உலகத்தில் இந்த நுட்பத்தில் முன்வரிசையில் நின்று பெரிய அளவில் அச்சடிப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான்: டிஎஸ்எம்சி, சாம்சங், இன்டெல். இதில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு என்ன செய்வதாக உத்தேசம்?

‘கதை முடிந்தது’ என்பதைப் பற்றி. காயம் பெரிது, மறைக்கவில்லை. 2020-இல் ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் இன்டெல் சிப்பை விட்டு விலகத் தொடங்கியது. 2024-இல் மட்டும் நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். அந்த வருடமே 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்ட்டேஜில் கெட்டுப்போவதை ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். நவம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலை எடுத்துவிட்டு என்விடியாவை வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கமே கிட்டத்தட்ட 10 சதவீதப் பங்குக்காரரானது. அடுத்த மாதம் அதே என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகு, விற்கிற விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பாதிக்கும் மேல் இன்டெல் சிப்தான். ‘ஜாம்பவான்’ என்று எழுதுவது மரியாதைக்காக அல்ல. உடம்பு சரியில்லாத யானையும் யானைதானே?

2015-இல் இதே பக்கத்துக்கு நீங்கள் எழுதியிருந்தால், ‘ஏஎம்டி கதை முடிந்தது’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். அப்போது அதன் பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. லிசா சூ தலைமைக்கு வந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அன்றைக்கு ஊர் சாபம் பலித்திருந்தால், இன்று உங்கள் மடியில் பறக்கும் லேப்டாப் ஏது?

இன்னொரு பழங்கதை. 1981-இல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெலின் 8088 சிப்பை எடுத்தபோது, ஒரே கடையை நம்பி இருக்கமாட்டேன், இதே சிப்பைச் செய்து தர இன்னொருவரும் வேண்டும் என்று கறாராக நின்றது. அதனால்தான் 1982-இல் இன்டெல் தன் வடிவமைப்பை ஏஎம்டிக்கு உரிமம் கொடுத்தது. ஏஎம்டி பெர்சனல் கம்ப்யூட்டர் சிப் தொழிலில் கால் ஊன்றியதே, விவரமான ஒரு வாடிக்கையாளரின் பிடிவாதத்தால்தான். அந்த வாடிக்கையாளர் யாருடைய ரசிகரும் இல்லை. நீங்களோ கையில் சூடத்தட்டோடு நிற்கிறீர்கள். போன மாதம் வரை நீல ஸ்டிக்கருக்குக் காட்டினீர்கள், இப்போது ஆரஞ்சு ஸ்டிக்கருக்கு.

என் மேஜையில் இருப்பது எட்டு வருடப் பழைய லேப்டாப். உள்ளே எந்த சிப் என்று சொல்லமாட்டேன், அடுத்த கடிதத்துக்கு நானே விஷயம் கொடுத்தது போல ஆகிவிடும். சீக்கிரம் மாற்றவேண்டும். ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு கம்பெனிப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி விலை கேட்பேன். ஒன்றுதான் சார் வருகிறது, இன்னொன்றை நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னால், எதிரே ஒரு டீ குடித்துவிட்டு பழைய பெட்டிக்கே திரும்பிவிடுவேன்.