நானே – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகனுக்கு இருபத்திரண்டு மாதம். காப்பிரைட்டராக, அதாவது விளம்பரங்களுக்கு எழுதுபவராக, வேலைக்குச் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. வேலை கேட்கும்போது காட்டுகிற போர்ட்ஃபோலியோவுக்காக, யாரும் கேட்காமல் நானாக எழுதிய ஸ்பெக் விளம்பரங்கள் பதினொன்று இருக்கின்றன. எல்லாமே அவனைப் பார்த்து வந்த யோசனைகள். மூன்றை இணைத்திருக்கிறேன். நிஜ பிராண்டுகளின் பெயரைப் போடலாமா? எத்தனை விளம்பரம் போதும்? குழந்தையைத் தாண்டி எதுவுமே தோன்றுவதில்லை, இது குறையா? வெட் வைப்ஸ் (குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்) பாக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் போட்டுக்கொண்டிருக்கிறான், இத்துடன் முடிக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

நிஜ பிராண்டையே போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பயிற்சிக்காக எழுதியது, நிறுவனம் கேட்டு எழுதியதல்ல என்று பக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். பதினொன்று அதிகம், நல்லதாக நாலு போதும்.

மூன்றாவது கேள்விக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். கையில் கிடைத்த பொருளையெல்லாம் திறந்து, நக்கி, கீழே போட்டு, மறுபடி எடுத்துப் பார்க்கிற ஒருவன் நாள் முழுக்க உங்கள் கண் முன்னால் இருக்கிறான். அது எப்படிம்மா குறையாகும்?

குறை நீங்கள் அனுப்பிய மூன்றிலும் இருக்கிறது. குழந்தை எதையோ கொட்டுகிறது, அம்மாவுக்குக் கோபம் வருகிறது, குழந்தை சிரிக்கிறது, அம்மா உருகுகிறாள், லோகோ. சலவைத்தூள் லோகோவை எடுத்துவிட்டு பிஸ்கட் லோகோவை வைத்தாலும் ஒன்றும் கெடவில்லை. (அந்தச் சலவைத்தூள் யோசனையை விட்டுவிடுங்கள். ‘கறை நல்லது’ என்று யூனிலீவர் அந்த இடத்தில் எப்போதோ உட்கார்ந்துவிட்டது.) பொருளை எடுத்தாலும் கதை நிற்கிறது என்றால் அது விளம்பரமே இல்லை, வீட்டு வீடியோ.

2011இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் விளம்பரத்தைப் பாருங்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் வேடம் போட்ட ஒரு பையன் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பொருளையும் கை நீட்டி மந்திர சக்தியால் அசைக்கப் பார்க்கிறான், எதுவும் அசையவில்லை. கடைசியில் காருக்கு முன்னால் போய்க் கை நீட்டுகிறான், கார் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. உள்ளே அப்பா கையில் ரிமோட். அந்த ரிமோட் இல்லையென்றால் கதையே கிடையாது. இன்னொன்று, பையனின் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. நீங்களோ மூன்று ஸ்கிரிப்டிலும் ‘குழந்தையின் முகம், குளோஸ்-அப்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த முகம் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வலி உண்டு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறேன், அவள் தரையில் உட்கார்ந்து வெல்க்ரோ ஷூ போடுகிறாள். ஒட்டுவாள், சர்ரென்று பிரிப்பாள், மறுபடி ஒட்டுவாள். நான் பொறுக்காமல் குனிந்து பட்டையை இழுத்து ஒட்டினேன். ‘நானே!’ என்று ஒரு கத்தல். இரண்டு ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் வலது ஷூ இடது காலில், இடது வலது காலில், அப்படியே என்னைத் தாண்டி வெளியே நடந்தாள்.

அன்று ராத்திரி அந்த ஷூவுக்கு முப்பது விநாடி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன். கேமரா தரை மட்டத்தை விட்டு எழவே எழாது. வாசலில் கால் மாற்றி மாற்றி நிற்கும் பெரிய ஷூக்கள், இந்தப் பக்கம் இரண்டு சின்னக் கைகள், சர், சர் என்கிற சத்தம், வாய்ஸ் ஓவர் (பின்னணியில் பேசும் குரல்) கிடையாது. மாறிப் போட்ட இரண்டு ஷூக்கள் நடந்து போகும்போது ‘நானே’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். லேஸ் வைத்த ஷூவுக்கு இதை எழுத முடியாது, இரண்டு வயதுக் குழந்தைக்கு முடிச்சுப் போட வராது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, ‘குழந்தை முகம் எங்கே, சிரிப்பு எங்கே?’ என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பைச் சேர்த்தேன், சத்தத்துக்கு இடமில்லாமல் போனது, உங்களுடைய மூன்றைப் போலவே ஆகிவிட்டது. இருபது வருஷமாகியும் அந்தச் சேர்த்தலுக்கு என்னை நான் மன்னிக்கவில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் கோபமே வந்துவிட்டது. ஒன்றை உருவினால் அடுத்ததன் நுனி தானாக மேலே வந்து நிற்கும்படி அந்த வைப்ஸை மடித்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கை மட்டுமே காலியாக இருக்கிற அம்மாவுக்காகச் செய்த ஏற்பாடு அது, இன்னொரு கை குழந்தையைப் பிடித்திருக்குமே. அதே நுனிதான் உங்கள் பையனையும் ‘இழு, இழு’ என்று கூப்பிடுகிறது. இதை அவன் கண்டுபிடித்துவிட்டான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் கடிதத்தை முடிக்கச் சாக்காகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்!

வீடியோவெல்லாம் எடுக்க வேண்டாம், ஒரு பக்க ஸ்கிரிப்ட் போதும். பாக்கெட் காலியானதும் என்ன செய்தான்? உள்ளே கையை விட்டுத் தேடினானா, உங்களைத் திரும்பிப் பார்த்தானா? அதை எழுதி அனுப்புங்கள்.