‘எத்தனையாவது கீமோ?’ என்று கேட்க ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 43. பெரம்பூரில் இருக்கிறேன். இடது மார்பகத்தை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. எட்டு கீமோவில் இரண்டு முடிந்திருக்கிறது. முடி மொத்தமும் கொட்டிவிட்டது. கணவருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் முழு விவரம் தெரியும். பிளஸ் டூ படிக்கும் மகளிடம் ‘சின்னக் கட்டி’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஊரில் இருக்கும் மாமியாருக்கு எதுவுமே தெரியாது. நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது இது பேச்சாகிவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் இதே நோயைத் தாண்டி வந்த யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. ‘அடுத்தவர் கதையைக் கேட்டால் உனக்கு இன்னும் பயம்தான் வரும்’ என்கிறார் கணவர். பேசலாமா? அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது?

பதில்: சகோதரி, தாராளமாகப் பேசுங்கள். உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்பக அறுவை முடிந்தவுடன் ரத்தநீர் வடிய ஒரு குழாய் வைப்போம், உங்களுக்கும் வைத்திருப்பார்கள். ஒரு பெண் அந்தக் குழாயையும் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நடக்கக் கூச்சப்பட்டு, கட்டிலை விட்டே இறங்கவில்லை. இரண்டு நாள் நானும் ‘நடங்க, நடங்க’ என்று சொல்லிப் பார்த்தேன். அன்று செக்கப்புக்கு வந்திருந்த பழைய நோயாளி ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு மஞ்சப்பையை உருவினார். அதன் காதில் ஒரு நாடாவைக் கட்டி, அந்தப் பெண்ணின் தோளில் குறுக்காக மாட்டி, பாட்டிலை உள்ளே வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுவிட்டார். “இப்ப யாருக்குத் தெரியப்போவுது? வா, ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வரலாம்.” இருவரும் கிளம்பிவிட்டார்கள். நான் படித்த எந்தப் பாடத்திலும் மஞ்சப்பை இல்லை.

இதே விஷயம்தான் 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு நடந்தது. மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். கையை எப்போது தூக்கலாம், உள்ளாடைக்குள் எதை வைப்பது என்று சொல்ல ஆளில்லை. தானே தேடிக் கற்றுக்கொண்டு, மற்ற நோயாளிகளின் கட்டில் பக்கம் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். சில டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. (எங்கள் ஆட்கள் அப்படித்தான்.) அவர் தொடங்கிய ‘ரீச் டு ரெக்கவரி’ முறையை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்று நடத்த ஆரம்பித்தது. நோயைக் கடந்தவர் புதிதாக வந்தவரைப் போய்ப் பார்ப்பது, அவ்வளவுதான் அந்த முறை.

பேசுவதால் நோய் குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்களிடம் அப்படிச் சொல்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். முற்றிய மார்பகப் புற்றுநோயில் குழுவாக உட்கார்ந்து பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989இல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. 2001இல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்தவிப்பு குறைந்தது, வலியின் கடுமையும் குறைவாகத் தெரிந்தது. மூன்றாவது கீமோவுக்குப் போகப்போகிறவருக்கு இதுவே பெரிய உதவி.

சரி, உங்கள் கணவரின் பாதி உண்மைக்கு வருவோம். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்களுக்கான ஏற்பி உள்ள கட்டி, ஹெர்2 என்ற புரதம் அதிகம் உள்ள கட்டி, இந்த மூன்றுமே இல்லாத கட்டி என்று வகை உண்டு. ஒருவருக்கு ஐந்து முதல் பத்து வருடம் மாத்திரை. இன்னொருவருக்கு ஒரு வருடம் ஊசி. சிலருக்குக் கீமோவே தேவைப்படாது. இது தெரியாமல் பேச உட்கார்ந்தால், ‘அவங்களுக்கு நாலுதான், எனக்கு ஏன் எட்டு? முத்திப்போச்சா?’ என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். நிறைய பேர் இப்படி அழுதுகொண்டு என் அறைக்கு வந்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டை ரிப்போர்ட்டோடு ஒப்பிடாதீர்கள். வாய்ப்புண்ணுக்கு என்ன செய்தீர்கள், ரசம் சாதம்கூட இறங்காதபோது எதைச் சாப்பிட்டீர்கள், கையில் நரம்பு கிடைக்காதபோது போர்ட் (மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) வைத்தார்களா, விக் தலையில் வேர்க்குமா என்று கேளுங்கள். மே மாத வெயிலில் விக் வேண்டாம், பருத்தித் துணிதான் சரி என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள்.

எங்கே தேடுவது? வெகுதூரம் போக வேண்டாம். கீமோ ஏறும் டேகேர் வார்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் “எத்தனையாவது?” என்று கேளுங்கள். அங்கே ‘சாப்பிட்டீங்களா’வுக்குச் சமமான கேள்வி அதுதான். கீமோ நர்ஸிடமும் சொல்லி வையுங்கள்: “என்னை மாதிரியே எடுத்துட்டு, கீமோவும் கரண்டும் (கதிர்வீச்சு) முடிச்சவங்க யாராவது இருந்தா பேசணும்.” எந்த நோயாளி எப்படிப் பேசுவார், யார் யாரைப் பயமுறுத்துவார் என்பது டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் எண்ணைத் தருவார், தர வேண்டும். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. வேறு மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள், அங்கே கவுன்சலரோ மருத்துவ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். நாமாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் சொல்ல மாட்டார்கள். அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான பிங்க் ரிப்பன் கூட்டங்கள் நடக்கும். பாதி நேரம் போட்டோவுக்கே போய்விடும், இருந்தாலும் இரண்டு நல்ல மனுஷிகளின் அறிமுகம் கிடைத்தால் லாபம்தானே.

என் அபிப்பிராயத்தில், 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைவிட உங்களுக்கு இரண்டு வருடம் முன்னால் போகிற ஒரே ஒருவர் போதும். குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோர் கண்ணிலும் படும், ரகசியமாக வைத்திருக்கும் உங்களுக்கு அது சரிவராது. சேர்வதாக இருந்தால் யார் நடத்துகிறார்கள், நர்ஸோ டாக்டரோ கவனிக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். முள் சீத்தா இலைக் கஷாயம், பொடி, டானிக் என்று ஏதாவது விற்க ஆரம்பித்தால் அன்றே வெளியே வந்துவிடுங்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட குழுக்களில் சில நேரம் ஒருவர் இறந்த செய்தி வரும். அன்று போனை அணைத்துவிட்டு மகளோடு உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் தோழியின் அனுபவம் உதவாது. கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் யாரிடமும் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல் இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது தோழி தாங்கும் சுமை இல்லை. உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயம். தலையில் துணி கட்டிய அம்மாவைத் தினமும் பார்க்கிற பிளஸ் டூ பெண் ‘சின்னக் கட்டி’யை நம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காக நம்பியதுபோல் நடிக்கிறாளோ என்னவோ. மார்பகப் புற்றுநோயில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் பரம்பரையாக வருவது. உங்களுக்கு 43 வயதிலேயே வந்திருப்பதால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மகளிடம் எப்படிச் சொல்வது என்று, சொல்லி முடித்த ஒரு அம்மாவிடமே கேட்கலாம். வரன் கவலையைவிட அது இப்போது அவசரம்.

தையல் நன்றாக ஆறியபின் ஜாக்கெட்டில் என்ன வைப்பது என்பதையும் அந்தத் தோழியிடமே கேளுங்கள். கடையில் சிலிக்கான் கிடைக்கிறது, விலை அதிகம். என்னிடம் வரும் ஒரு டீச்சர், பருத்தித் துணியில் தைத்த பையில் பஞ்சோடு ஒரு கைப்பிடி கடுகையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார். பஞ்சு மட்டும் என்றால் எடை இல்லாமல் மேலே ஏறிவிடுகிறதாம். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதுதான் கண்டுபிடித்தாராம்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. உங்களுக்குக் கீமோ ஏறும் அந்த நான்கைந்து மணி நேரம் அவர் வராந்தாவில் நின்றுகொண்டுதான் இருப்பார். கையில் ஃபைல், பிளாஸ்க், ஏடிஎம் கார்டு. அதே மாதிரி ஃபைலோடு ஏழெட்டு ஆண்கள் அங்கே நிற்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். அடுத்த முறை அவர்களில் ஒருவரையாவது வாசலில் டீ குடிக்கக் கூப்பிடச் சொல்லுங்கள்.