கறை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பையனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ரத்தக் கறை. ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால் போகுமா? சுங்குடிப் புடவைக்கும் அதைப் போடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: போகும். முதலில் லேபிளைப் பாருங்கள். மருந்துக் கடையில் பெரும்பாலும் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். அது 20 சதவீதம் இல்லை, சுமார் 6 சதவீதம்தான். துணிக்கு 3 சதவீதம் போதும் என்பதால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.

சட்டையைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கூடாது, ரத்தத்தில் உள்ள புரதம் இறுகி நூலோடு ஒட்டிவிடும். பிறகு கறை நனையும் அளவு ஊற்றினால் பொங்கி நுரைக்கும். 5 நிமிடம் விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை செய்துவிட்டு, வழக்கம்போல் சோப்புப் போட்டுத் துவைக்கலாம்.

சுங்குடி சாயத் துணி. உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு 10 நிமிடம் பாருங்கள். நிறம் மங்கினால் விட்டுவிடுங்கள். பட்டு, ஜரிகைப் பக்கமே போக வேண்டாம். துருக் கறைக்கும் ஆகாது: இரும்பு பட்டால் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து நூலையே அரிக்கும், அந்த இடத்தில் ஓட்டை விழும்.

கேள்வி: பரணில் வைத்திருந்த பெராக்சைடு பாட்டில் உப்பியிருக்கிறது. ஏன்?
– வாசகர், மேலூர்

பதில்: வெளிச்சமும் சூடும் பட்டால் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் அடுப்புதான். கண்ணாடி, கையுறை போட்டு, மூடியைத் துணியால் சுற்றி, முகத்தைத் திருப்பி, மெதுவாகத் திறங்கள். நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்.

அடுத்த முறை சின்ன பாட்டிலாக வாங்கி, அது வந்த பாட்டிலிலேயே, நிமிர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றவே கூடாது. பார்த்தால் தண்ணீர்தான், பிள்ளைகள் குடித்துவிடும். பித்தளை, இரும்புப் பாத்திரமும் வேண்டாம். கலந்ததில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள். துளி அழுக்கு போனாலும் மொத்தமும் சீக்கிரம் கெடும். வினிகர், பிளீச்சிங் பவுடர் எதனோடும் கலக்கக் கூடாது. சாயப்பட்டறைக்கு வரும் 50 சதவீதச் சரக்கை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும்.

வீரியம் இருக்கிறதா என்று பார்க்க, நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விடுங்கள். நுரைக்கவில்லை என்றால் அது வெறும் தண்ணீர்.